அணைக்கட்டை விட்டு விலகிப் போங்கள்: மலையக நீர்த்தேக்கங்களில் வனவுயிர் பார்க்கும் படகுப் பயணம்

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் காலையில் இரண்டு படகுகள் புறப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நடுத்தண்ணீரில் வேகமெடுத்து, அணைக்கட்டு தெரியும் தூரம்வரை ஓடி, ஒரு வட்டமடித்துத் திரும்புகிறது. அதில் போனவர்களின் ஃபோனில் தேயிலை மலை, மேகம், தங்கள் முகம் எல்லாம் இருக்கும். பறவை பார்த்தீர்களா என்று கேட்டால், தூரத்தில் ஒரு நீர்க்காகம். மற்றப் படகு அணைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நோர்வூட் பக்கம் கெசல்கமுவ ஓயா வந்து விழும் முனையை நோக்கி மெதுவாகப் போகிறது. அதில் இருப்பவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் கொக்கு, நாரை, பாம்புத்தாரா, மூன்று வகை மீன்கொத்தி, உள்ளான், ஆட்காட்டி என்று எண்ணத் தொடங்கிவிடுவார்கள்.

இதைப் படகுக்காரரின் ராசி என்று சொல்வார்கள். ராசிக்கு இதில் பங்கு கொஞ்சம்தான். சேறு எங்கே படிகிறது, தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்தால், கண்ணில் படப்போவதில் பாதியைக் கரையில் நின்றே சொல்லிவிடலாம். மீதிப் பாதி, படகை எப்படி ஓட்டுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஆழமான தண்ணீர் வெறுந்தண்ணீர்

சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த இலங்கை ஈரநிலங்கள் ஆறு: பூந்தல, ஆனைவிழுந்தாவ, மாதுகங்கை, வங்காலை, குமண, வில்பத்து. ஒன்றுகூட மலையகத்தில் இல்லை. இங்கே பெரிய நீர்ப்பரப்பு என்று நாம் பார்ப்பதெல்லாம் மனிதன் கட்டியவை. கண்டி ஏரி கடைசி மன்னன் காலத்தது. நுவரெலியாவின் கிரகறி வாவி 1870களில் ஆளுநர் கிரகறியின் வேலை. காசல்ரீ, மவுசாகலை இரண்டும் 1960களின் மின்சாரத் திட்டங்கள். கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்ற வரிசை துரித மகாவலித் திட்டத்தில் 1985க்கும் 1990க்கும் இடையில் முடிந்தது. மேல் கொத்மலை 2012இல்.

மலைப் பள்ளத்தாக்கை அடைத்து நிரப்பிய தண்ணீர் ஒரு பக்கம் செங்குத்தாக, மறுபக்கமும் செங்குத்தாக இருக்கும். விக்டோரியா அணையின் உயரம் 122 மீற்றர். அந்த ஆழத்தில் வெளிச்சம் அடிக்குப் போகாது. வெளிச்சம் இல்லாத இடத்தில் நீர்த்தாவரம் வேர் பிடிக்காது. தாவரம் இல்லையென்றால் நத்தை, தும்பிக் குஞ்சு, சின்னமீன் எதுவும் திரளாது. நடுத்தண்ணீரில் மூழ்கி மீன்பிடிக்கும் நீர்க்காகத்துக்கு அது போதும். காலால் நடந்து இரை தேடும் கொக்குக்கும் நாரைக்கும் அங்கே நிற்க இடமே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். கொக்கு இனங்கள் இறங்கி நடப்பது அதிகம் போனால் முழங்கால் ஆழத்தில். 20 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். கரை 45 பாகையில் சரிந்தால், 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்குள் அடங்கும் தண்ணீரின் அகலமும் 20 சென்ரிமீற்றர்தான். ஒரு கொக்கு திரும்பி நிற்கக்கூட முடியாத அளவு. அதே கரை நூறடிக்கு ஓரடி என்ற கணக்கில் சரிந்தால், அந்த ஆழத் தண்ணீர் 20 மீற்றர் அகலத்துக்கு விரிந்து கிடக்கும். அந்தச் சரிவில் நீர்மட்டம் ஒரு சாண் இறங்கினாலே இன்னொரு 20 மீற்றர் ஈரச்சேறு வெளியே வரும். ஆட்காட்டியும் உள்ளானும் இறங்குவது அங்கேதான்.

அப்படிப்பட்ட தட்டையான கரை மலை நீர்த்தேக்கத்தில் எங்கே கிடைக்கும்? ஓயா வந்து சேரும் தலைப்பில் மட்டும். வேகமாக இறங்கி வரும் தண்ணீர் தேங்கிய நீரில் மோதியதும் வேகம் இழக்கிறது. முதலில் பருமணல் விழும், கொஞ்சம் தள்ளி நுண்மணல், அதற்கப்பால் வண்டல். வருடக்கணக்கில் இது படிந்து விசிறி மாதிரி ஒரு திட்டாகிவிடும். திட்டில் புல் முளைக்கும், புல்லில் பூச்சி வரும், பூச்சிக்கு மீன்குஞ்சு வரும்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் ரந்தம்பேக்குப் போக வேண்டும். உமா ஓயா மகாவலியோடு சேரும் இடத்தில் கட்டிய சிறிய நீர்த்தேக்கம் அது. உமா ஓயா வெலிமடைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களின் மண்ணை எல்லாம் சுமந்து வருகிறது. சரிவில் உருளைக்கிழங்கு போட்டு, மழைக்கு முன் கொத்திவிட்ட நிலம் எத்தனை டிப்பர் மண்ணை இழக்கிறது என்பது ஊவாவில் எல்லோருக்கும் தெரியும். அந்த மண் ரந்தம்பேயில் வந்து நின்று, நீர்த்தேக்கத்தைத் தூர்த்துக்கொண்டிருக்கிறது. மின்சாரக் கணக்கில் இது நட்டம். நாணல் முளைத்த சேற்றுத் திட்டில் நிற்கும் செந்நாரைக்கு அதே மண்தான் சோறு. மலையகத்துப் படகுப் பயணங்களில் உருப்படியான பறவைக் காட்சியில் பெரும்பங்கு நம் மண்ணரிப்பின் கைங்கரியம் என்பதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உண்மை அதுதான்.

மேற்கே ஒரு காலம், கிழக்கே ஒரு காலம்

“எந்த மாதம் போகலாம்?” என்று கேட்பவர்களுக்கு மலையகம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லும் வழிகாட்டியை நம்ப வேண்டாம்.

காசல்ரீயும் மவுசாகலையும் மேற்குச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து 1,100 மீற்றர் அளவில் இருக்கின்றன. களனி கங்கையின் இரண்டு தாய் ஓடைகளை அவை மறிக்கின்றன. இவற்றை நிரப்புவது தென்மேல் பருவமழை. ஜூன் தொடங்கி மட்டம் ஏறும். ஜனவரிக்குப் பிறகு மழை குறைந்து, மின்னுற்பத்திக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க, பெப்ரவரி முதல் ஏப்ரல்வரை, மட்டம் ஏறும்போது மூழ்கி இறங்கும்போது வெளிப்படும் கரைப்பட்டையான அலைகரை வெளியே தெரியும். மவுசாகலையில் மட்டம் நன்றாக இறங்கிய வருடங்களில், தண்ணீருக்குள் போன பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டும். அதைப் பார்க்கச் சனம் திரண்டு வரும் அந்த நாட்கள்தான் பறவை பார்க்கவும் நல்லவை. கோயிலைச் சுற்றி நிற்பவர்களை விட்டுவிட்டு, நல்லதண்ணிப் பக்கத்து ஓடைகள் இறங்கும் முனைகளுக்குப் போனால் போதும்.

ரந்தெனிகல கதை வேறு. அதன் முழு மட்டம் கடல் மட்டத்திலிருந்து 232 மீற்றர் மட்டுமே. விக்டோரியாவின் 438 மீற்றரோடு ஒப்பிட்டால் அது கிட்டத்தட்டச் சமவெளியின் வாசல். அதை நிரப்புவதில் வடகீழ்ப் பருவமழைக்கு, டிசம்பர், ஜனவரி மழைக்கு, பெரும்பங்கு உண்டு. பிறகு சிறுபோகத்துக்காக மகாவலி வலயங்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள். ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பரில் மட்டம் இறங்கி, காய்ந்த அலைகரையில் இளம்புல் முளைக்கும். சுற்றுக் காடு வரண்டு கிடக்கும் காலத்தில் அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்கும் யானைகள் கீழே இறங்குகின்றன. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே மூன்றையும் சுற்றியுள்ள காடு 1987இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்றைக்கு மலையகத்தின் ஓரத்தில் யானையைத் தண்ணீரிலிருந்து பார்க்கக்கூடிய முக்கியமான இடம் அது.

ஒரு காலத்தில் பதுளை முழுக்க யானை இருந்தது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கிலேயர் மட்டும் ஆயிரத்துக்கு மேல் சுட்டதாகப் பதிவு. 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அந்தச் சுடுதலும், அதைத் தொடர்ந்து காட்டை வெட்டிப் போட்ட கோப்பியும் தேயிலையும் சேர்ந்துதான் மேல்மலையில் யானையை இல்லாமல் ஆக்கின.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ரந்தெனிகலவில் யானை இறங்கும் அதே மாதங்களில்தான் கச்சான் காற்றும் அடிக்கும். மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி வரும் காற்று, கிழக்குச் சரிவில் வரண்டு, வேகமெடுத்து இறங்குகிறது. பத்து மணிக்கு மேல் திறந்த நீர்ப்பரப்பில் வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் சிறுபடகு அங்கே நிற்கக்கூடாது. ஆகவே அந்தப் பருவத்தில் காலைப் பயணம்தான் பாதுகாப்பு. யானையோ பெரும்பாலும் பின்னேரம்தான் கரைக்கு வரும். காற்றடிக்கும் நாளில் யானையை விட்டுவிட்டுக் காலையோடு முடித்துக்கொள்வதே புத்தி.

வலசைப் பறவைகளுக்கு இந்தக் கிழக்கு மேற்குப் பேதம் அவ்வளவாக இல்லை. சாம்பல் வாலாட்டியும் உள்ளானும் செப்டெம்பர் அளவில் வந்து ஏப்ரல்வரை இருக்கும். மவுசாகலையில் பெப்ரவரி, மார்ச்சில் இறங்கிய மட்டமும் வலசைப் பறவைகளும் ஒன்றாக அமைகின்றன. மலையகத்தில் ஒரே ஒரு பயணத்துக்குத்தான் வசதி என்றால் எங்கள் தெரிவு அதுவே.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இரண்டு பருவமழைகளுக்கும் இடையில் பின்னேர இடி மழை வரும். காலை பளிச்சென்று இருக்கும், மதியத்துக்குப் பின் மலைக்கு மேலே மேகம் கறுத்து எழும். சுற்றிலும் மலை இருந்தாலும், தட்டையான தண்ணீரில் உயரமாக நிற்கும் பொருள் படகும் அதில் இருப்பவர்களும்தான். அந்த மாதங்களில் பகல் ஒரு மணிக்குப் பிறகு படகை இறக்கச் சொல்லாதீர்கள். படகுக்காரர் தானாக மறுத்தால், அவர் வேலை தெரிந்தவர்.

மட்டம் குறைவாக இருப்பது வேறு, இறங்கிக்கொண்டிருப்பது வேறு. இறங்கும் தண்ணீர் பள்ளங்களில் குட்டைகளை விட்டுச் செல்லும். அவற்றில் மாட்டிய மீன்குஞ்சுகளுக்காகக் கொக்குகள் வரிசையாக நிற்கும். மட்டம் அதே அளவில் இருந்தாலும் ஏறத் தொடங்கிவிட்டால் குட்டைகள் நீர்த்தேக்கத்தோடு கலந்து மீன் தப்பிவிடும், கொக்கும் கலைந்துவிடும். கரையில் பார்த்தே இதைச் சொல்லலாம். தண்ணீரை ஒட்டி வெறும் ஈரச்சேறு பட்டையாகத் தெரிந்தால் இறங்குகிறது. பச்சைப் புல்லின் நுனிகள் தண்ணீருக்குள் நின்றால் ஏறுகிறது.

படகும் எஞ்சினும்

பெரும்பாலும் கிடைப்பது 18, 20 அடி ஃபைபர் படகு, பின்னால் 15 அல்லது 25 குதிரைவலு அவுட்போர்ட் எஞ்சின். ஆறு பேர் ஏறலாம் என்பார்கள். பறவை பார்க்க நான்கு பேர், ஒரு வழிகாட்டி, ஒரு படகோட்டி போதும். அதற்கு மேல் ஏற்றினால் படகு தாழ்ந்து, ஆழம் குறைந்த முனைக்குள் நுழைய முடியாது. போக வேண்டிய இடமே அதுதான் எனும்போது ஆள் கூட்டிக் காசைப் பகிர்ந்து என்ன பயன்?

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினைவிட நான்கு ஸ்ட்ரோக் சத்தம் குறைவு, புகையும் குறைவு. மலையில் எஞ்சின் வலு குறையும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 300 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 3 வீதம் இழப்பு என்பது பொதுவான கணக்கு. காசல்ரீ உயரத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். சமவெளியில் கச்சிதமாக ஓடிய காபரேட்டர் இங்கே எரிபொருளைக் கூடுதலாக இழுத்துப் புகையும். எரிபொருளுக்கு மூன்றில் ஒரு பங்கு விதி நல்லது: போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, காற்றுக்கும் தடங்கலுக்கும் ஒரு பங்கு.

படகில் ஏறுமுன் துடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு துடுப்பு இல்லாத படகு பறவை பார்க்கும் படகு அல்ல. கொக்கு கூட்டத்துக்கு 100 மீற்றர் முன்பே எஞ்சினை நிறுத்த வேண்டும். மெதுவாக ஓடவிடுவது போதாது, நிறுத்தியே ஆக வேண்டும். மீதித் தூரம் படகு ஓடிவந்த வேகத்திலும் துடுப்பிலும் போகும். நேராக மூக்கை நீட்டிக்கொண்டு போகக்கூடாது. பறவையின் பக்கவாட்டில் தாண்டிப் போவதுபோல, கரைக்குச் சாய்வாகப் போக வேண்டும். தன்னை நோக்கி நேராக வளர்ந்துவரும் உருவத்தைப் பறவை எதிரியாகப் பார்க்கும். குறுக்கே கடந்துபோகும் உருவத்தை அது நெடுநேரம் பொறுத்துக்கொள்ளும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி வட்டம் எடுத்து வந்தால் நிறமும் தெரியும், படமும் எடுக்கலாம்.

நாரை கழுத்தை நீட்டி உயர்த்தினால் அது உங்களைக் கவனித்துவிட்டது என்று பொருள். அங்கேயே துடுப்பை நிறுத்துங்கள். ஓரிரு நிமிடத்தில் கழுத்து மடங்கி மறுபடி இரை பார்க்கத் தொடங்கினால் இன்னும் கொஞ்சம் போகலாம். உடம்பைத் தாழ்த்தி, இறக்கையை லேசாக விரித்தால் பறக்கப்போகிறது. அந்த நேரத்தில் பின்வாங்கினால்கூட பெரும்பாலும் நேரம் கடந்துவிட்டிருக்கும். ஆட்காட்டி இருக்கும் கரையில் இத்தனை பொறுமையும் வீண். அது ஒன்று கத்திக்கொண்டு எழுந்தால் மொத்தக் கரையும் எழுந்துவிடும். ஆட்காட்டியை முதலில் கண்டுபிடித்து, அதை ஒதுக்கிவிட்டுச் சுற்றி வருவது நல்ல வழிகாட்டிக்கு அடையாளம்.

மஸ்கெலியாப் பக்கத்துப் படகுகளில் தோட்டத்துப் பொடியன்கள் இருப்பார்கள். “தம்பி, எஞ்சின ஓஃப் பண்ணிட்டு மெதுவா வலிங்க” என்றால் போதும். ரந்தெனிகலவில் பெரும்பாலும் சிங்களப் படகோட்டிகள். “ஹெமின் யமு, அய்யே” (மெதுவாகப் போவோம், அண்ணா) என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள். வேகமாக ஓட்டினால்தான் பயணிகளுக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தவர் நிம்மதியாகச் சிரிப்பார். அவருக்கும் பெற்றோல் மிச்சம்.

இனி, தவறுகள் நடக்கும் இடங்கள்.

இந்தப் பள்ளத்தாக்குகள் தண்ணீருக்குள் போனபோது எல்லா மரங்களையும் வேரோடு எடுத்துவிடவில்லை. மட்டம் முழுதாக இருக்கும்போது அடிக்கட்டைகள் ஆழத்தில் கிடந்து ஒன்றும் செய்யாது. இறங்கும்போது தண்ணீர் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். கலங்கிய தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. எஞ்சினின் சுழல்விசிறி அதில் அடித்தால், சின்ன எஞ்சின்களில் ஷியர் பின் என்ற சிறு உலோக ஊசி முறிந்து விசிறி சுழலாமல் நின்றுவிடும். எஞ்சின் மட்டும் இரையும், படகு நகராது. அந்த ஊசி முறிவதற்காகவே வைத்தது. முறியாவிட்டால் கியர் உடையும். ஆகவே மாற்று ஊசி இரண்டு, ஒரு குறடு, கொட்டர் பின் இவை படகில் இருக்க வேண்டும். பெரிய எஞ்சின்களில் ஊசிக்குப் பதில் இறப்பர் பிடி இருக்கும். அது வழுக்கிவிட்டால் தண்ணீரில் வைத்துச் சரிசெய்ய முடியாது. மிக மெதுவாகத்தான் கரைசேர வேண்டும். இதனால்தான் அலைகரைக்குக் கிட்டே முன்னால் ஒருவர் அமர்ந்து கம்பால் ஆழம் பார்த்துக்கொண்டே வருவது வழக்கம்.

அடுத்தது வலை. திலாப்பியாவுக்காகக் கரைக்குக் குறுக்கே வலை போட்டிருப்பார்கள். மிதவைக்குப் பதில் வெற்றுச் சோடாப் போத்தல்கள் வரிசையாகத் தெரியும். வரிசையின் இரண்டு நுனியையும் பார்க்காமல் குறுக்கே போகக்கூடாது. விசிறியில் வலை சுற்றிக்கொண்டால் எஞ்சினை நிறுத்தி, கியரை நடுவில் போட்டு, சாவியைக் கழற்றி, பிறகே எஞ்சினைத் தூக்கிச் சுற்றலைக் கையால் எதிர்த்திசையில் அவிழ்க்க வேண்டும். அவசரத்தில் கத்தி போட்டால் அந்த வலைக்காரரின் ஒரு வாரக் கூலி போகும், அடுத்த முறை அந்தக் கரையில் உங்கள் படகுக்கு வரவேற்பும் இருக்காது. அறுந்து கைவிடப்பட்ட வலை இன்னும் மோசம். மூழ்கி இரை தேடும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் கபரகொய்யாவும் அதில் மாட்டித் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போகும். அப்படிக் கிடக்கும் வலையைக் கண்டால் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவாருங்கள்.

சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த மூலைகளில் எஞ்சின் சூடேறும். குளிரூட்டும் தண்ணீரை உறிஞ்சும் துளையை இலை அடைத்துவிடும். எஞ்சினின் பின்பக்கம் பீச்சும் மெல்லிய நீர்த்தாரை நின்றுவிட்டதா என்று படகோட்டி அடிக்கடி திரும்பிப் பார்ப்பார். நின்றால் உடனே எஞ்சினை நிறுத்தித் துளையைச் சுத்தம் செய்ய வேண்டும். சல்வீனியா நம் நாட்டுத் தாவரம் அல்ல. 1939இல் கொழும்பில் ஆய்வுக்காகக் கொண்டுவரப்பட்டு வெளியே தப்பியது. பார்க்கப் பச்சையாக அழகாக இருந்தாலும், வெளிச்சத்தை மறைத்து அடியில் உள்ளதைக் கொன்றுவிடும். அடர்ந்த சல்வீனியாவைப் பார்த்து “இங்கே பறவை இருக்கும்” என்று திரும்பாதீர்கள்.

நீர்நாய், யானை, சிறுத்தை

நீர்நாயைத் தேடிப் போவது வீண். அதன் தடயத்தைத் தேடிப் போகலாம். இலங்கையில் இருப்பது ஒரே இனம், கரையோரத்திலிருந்து ஹோர்ட்டன் சமவெளிவரை எல்லா உயரத்திலும் உண்டு. ஓயா விழும் முனையில், தண்ணீருக்கு மேலே துருத்தி நிற்கும் தட்டையான பாறைகளை பைனாகுலரில் பாருங்கள். கருமையான சிறு எச்சக் குவியல், அதில் மீன் செதிலும் நண்டோட்டுத் துண்டுகளும் கலந்து மினுங்கும். நீர்நாய் அதே பாறையைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கும். எச்சம் ஈரமாகப் பளபளத்தால் அன்றைய இரவுக்குரியது. வெளிறி உதிர்ந்தால் பழையது. புதியது இருக்கும் பாறைக்கு எதிர்க்கரையில், நிழலில், எஞ்சினை நிறுத்தி அரை மணி நேரம் சும்மா இருப்பதற்கு ஈடான உத்தி வேறில்லை. விடியலில் வந்தால் வாய்ப்பு கூடுதல். ஆனால் காசல்ரீயில் பனிமூட்டம் இருக்கும் காலையில் எதிர்க்கரை தெரியும்வரை படகை அவிழ்க்க வேண்டாம்.

நீர்க்காகம் இறக்கையை விரித்து நிற்பதைப் பார்த்து ‘வெயில் காய்கிறது’ என்பார்கள். அதன் இறகு வாத்தின் இறகுபோல முழுக்கத் தண்ணீரைத் தள்ளாது, ஓரளவு நனையும். நனைவதால்தான் காற்று வெளியேறி, உடம்பு கனத்து, எளிதில் மூழ்க முடிகிறது. அதற்கு விலை, ஒவ்வொரு வேட்டைக்குப் பின்னும் உலர்த்துவது. உலர்த்திக்கொண்டிருக்கும் பறவையை மறுபடி மறுபடி கிளப்பினால் ஈர இறக்கையோடு பறக்க வேண்டி வரும். பட்டமரத்தில் நிற்கும் கூட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு நகருங்கள்.

கூடு கட்டும் கூட்டம் இருந்தால் இன்னும் தள்ளி நிற்க வேண்டும். தாய்ப்பறவை எழுந்த சில நிமிடத்தில் காகமும் செம்பருந்தும் முட்டைக்கு இறங்கும். அவை இறங்காவிட்டாலும் நேர் வெயிலில் இறகு முளைக்காத குஞ்சு தாங்காது. படகில் இருப்பவர்களுக்கு இது தெரியவே வராது. அவர்கள் பறவைகள் அழகாக எழுந்து வட்டமிட்ட படத்தோடு வீடு திரும்பிவிடுவார்கள்.

யானைக்கு 100 மீற்றருக்குள் போகாதிருப்பது எங்கள் அறிவுரை. படகின் மூக்கு எப்போதும் ஆழத்தண்ணீரை நோக்கியே இருக்க வேண்டும். யானையைப் பார்த்தபடி மூக்கைக் கரைக்குத் திருப்பி நிறுத்தினால், அது துரத்தும்போது பின்வாங்கித் திரும்ப நேரம் போதாது. சேறு நிறைந்த ஆழமில்லாத இடத்தில் எஞ்சினைத் தூக்கிய நிலையில் நிற்பது அதைவிட ஆபத்து. யானைக்கு இடுப்பளவு தண்ணீர் ஒரு தடையே அல்ல. நீந்தும் யானைக் கூட்டத்தைக் கண்டால் அவற்றுக்கும் அவை போகும் கரைக்கும் நடுவில் படகைக் கொண்டுபோகக்கூடாது. துதிக்கையை மட்டும் வெளியே நீட்டி நீந்தும் குட்டிக்கு, எஞ்சின் கிளப்பும் அலையே மூச்சுத் தடை.

சிறுத்தையைப் படகிலிருந்து பார்க்கலாம் என்று விளம்பரம் செய்தால் சிரித்துவிட்டு நகருங்கள். தேயிலைக்கும் நீர்த்தேக்கத்துக்கும் இடையில் விட்ட காட்டுத் துண்டுகளில் அது உண்டு, கரையில் காலடித் தடம் பார்க்கலாம், அவ்வளவுதான். அந்தக் காட்டுத் துண்டுகளில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் சிறுத்தையும் மரையும் மாட்டுவது மலையகத்தில் தொடரும் கதை. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று அப்படித்தான் மாட்டிப் பின்னர் இறந்தது. கரையில் இறங்கி நடக்கும்போது மரத்தடியில் சைக்கிள் பிரேக் கம்பி வளையம் கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

புறப்படுமுன்

அனுமதி விஷயம் இடத்துக்கு இடம் வேறு. நீர்த்தேக்கம் மின்சாரத் துறையின் அல்லது மகாவலி அதிகார சபையின் பொறுப்பு, சரணாலயக் காடு வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. படகை ஒழுங்கு செய்பவரிடம் ‘யாருடைய அனுமதியில் ஓடுகிறது’ என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் ஏறவேண்டாம். அணைக்கட்டுக்கும் தண்ணீர் உறிஞ்சும் சுரங்க வாய்க்கும் கிட்டே போகச் சொல்லிக் கேட்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் அடியில் இழுக்கும், வான்கதவு திறப்பதும் உங்கள் நேரம் பார்த்து அல்ல.

லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, ஒருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்கட்டும். காது வரை ஏறினால் அளவு பெரிது. பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டுவது பயனில்லை, தண்ணீரில் விழுந்தால் உருவிக்கொண்டு போய்விடும். பைனாகுலர் எட்டு மடங்கு பெருக்கும் 8x42 போதும். ஆடும் படகில் 10 மடங்கு பெருக்கம் கை நடுக்கத்தையும் சேர்த்துத்தான் பெருக்கும். கரையில் இறங்குவதாக இருந்தால் அட்டைக்கு உப்போ சவர்க்காரமோ.

மலையகத்தின் தண்ணீரில் யானையைப் பார்க்க மட்டுமே ஆசை என்றால், பசறை, லுணுகலைப் பக்கத்தில் இருப்பவர்கள் ரந்தெனிகலவுக்குச் சுற்றிப்போக வேண்டியதில்லை. பதுளை மாவட்டத்து மலைகளில் பிறக்கும் கல்லோயாதான் கீழே சேனாநாயக்க சமுத்திரமாகத் தேங்குகிறது. 1954இல் அறிவிக்கப்பட்ட கல்லோயா தேசிய பூங்காவுக்குள் இங்கினியாகலையிலிருந்து படகு போகிறது. தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைப் பார்க்க மார்ச் முதல் ஜூலைவரை நல்ல காலம். பிபிலை வழியாக இறங்கினால் முதல்நாள் மாலையே இங்கினியாகலை சேர்ந்துவிடுங்கள். விடியற்காலைப் படகுக்கு மலையிலிருந்து அன்றே இறங்கி வருவது சரிப்படாது.